ஓர் இரவு உபயம்: பாலக்காட்டு எல்லையின் கலைக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, கோபாலபுரம் வட்டாரத்தில் ஆண்டுதோறும் கச்சேரியும் நாடகமும் ஓவியக் கண்காட்சியும் நடத்தி, வசூலாகும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவரும் சபாக்கள், வாசகசாலைகள், இளைஞர் மன்றங்கள், விழாக்குழுக்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் உங்கள் நோட்டீஸ்கள் வரத் தொடங்கிவிட்டன. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். "திரளும் தொகை வீடற்றோர் நலனுக்கு" என்ற வரி இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. அந்த வரியைப் போடச் சொல்லி உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மனம் வந்துதான் போடுகிறீர்கள். அதனால்தான் வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சிலரோடு பஸ் நிலையத்தின் பின்பக்கம், அடைத்த கடைகளின் வராந்தாவில் படம் வரைய உட்காருவோம். அங்கே படுத்து எழுகிறவர்களும் எங்களோடு உட்காருவார்கள். அவர்களோடு பேசிப் பழகியதில் தெரிந்துகொண்டதை வைத்தே இதை எழுதுகிறேன். நான் கேட்பது இதுதான். கலையைக் கொண்டு நீங்கள் திரட்டும் பணம் ஒரே நாளில் பொட்டலங்களாகக் கரைந்துவிடக் கூடாது; அது ஒரு கூரையாகி ஆண்டின் எல்லா இரவுகளுக்கும் நிற்க வேண்டும். அந்தக் கலையில் அவர்களுக்கும் இடமும் கூலியும் வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது? கச்சேரி முடிந்த மறுநாள் காலை வேன் வருகிறது. சாம்பார் சாதப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், ஒரு போர்வை. வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். கொடுப்பவர் கையும் வாங்குபவர் முகமும் சேர்ந்து விழும்படி போட்டோ எடுக்கிறார்கள். வேன் போய்விடுகிறது. பசித்தவருக்குச் சோறு போடுவதைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் சோற்றுக்கு இங்கே அவ்வளவு பஞ்சமில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். கோயில்களில் அன்னதானம் இருக்கிறது, நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் கஞ்சி கிடைக்கிறது, இரவு கடை எடுத்துவைக்கும்போது ஹோட்டல்காரர்கள் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். கிடைக்காதது படுக்க இடம்.

போர்வைகள் எல்லாம் மார்கழியில்தான் வருகின்றன. விழாக்காலம் அது, வெளியூர் விருந்தினர்கள் வருவதும் அப்போதுதான். பாலக்காட்டுக் கணவாயில் வீசும் கிழக்குக் காற்று அந்த நாட்களில் உடம்பை உலுக்கும் என்பது உண்மை. ஆனாலும் தெருவில் படுப்பவரை வாட்டி எடுப்பது ஆனி, ஆடி மழைதான். சாரல் வராந்தாவின் உள்சுவர் வரை அடிக்கும், தரை ஊறும். மார்கழியில் கொடுத்த போர்வை நனைந்து, காயப்போட இடமில்லாமல் பூஞ்சை பிடித்து, இரண்டே நாளில் நாற்றமெடுத்துவிடும். அப்படி நாறிப்போன போர்வையைக் குப்பைத்தொட்டி ஓரம் வைத்துவிட்டு, இரவு முழுவதும் ஏ.டி.எம். படிக்கட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். தலையில் ஈரம் சொட்டியது. மடியில் நனையாமல் இருந்த ஒரே பொருள் மூன்று பிளாஸ்டிக் உறைகளுக்குள் மடித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டு. அது நனைந்து எழுத்து அழிந்தால் அடுத்த முறை மாத்திரை கொடுக்கமாட்டார்கள் என்ற பயம். ஆனி மாதத்தில் எந்த வேனும் வருவதில்லை.

இவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். "எங்கிருந்தோ வந்த பிச்சைக்காரர்கள்" என்ற பேச்சு நம் கூட்டங்களிலேயே அடிபடுகிறது. அறுவடைக்கும் செங்கல் சூளைக்கும் தோப்பு வேலைக்கும் வந்து, உடம்புக்கு முடியாமல் போனதும் கூட்டத்திலிருந்து கழன்றுவிட்டவர்கள் இவர்களில் உண்டு. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை முடிந்து, ஊருக்குப் போக முகமில்லாமல் நின்றுவிட்டவர்கள் உண்டு. மகன் வீட்டிலிருந்து வெளியே வந்த கிழவிகள், மனநோயோடு ஏதோ ஒரு ரயிலில் ஏறி ஒலவக்கோட்டில் இறங்கிவிட்ட பெண்கள், எல்லோரும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் நம்மோடு தமிழில் பேசுகிறவர்கள். இந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனால் "நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், அங்கே போங்கள்" என்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் போனால் "இருபது வருஷமாக இங்கே நீங்கள் இல்லையே" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் விதிப்படி சரியாகவே இருக்கலாம். நடுவில் இருப்பவருக்குப் போக்கிடம் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பிப்ரவரி 28ஆம் தேதி இரவு வீடற்றோரைத் தேடி எண்ணினார்கள். சாலையோரம், நடைபாதை, பாலத்தடி, பெருங்குழாய், மாடிப்படியடி, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று திறந்தவெளியில் படுப்பவர்கள் அந்தக் கணக்கில் வந்தார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். தமிழ்நாட்டில் 50,000க்கு மேல், கேரளத்தில் 12,000க்குச் சற்றுக் குறைவு. ஒரே இரவில் எண்ணிய கணக்கில் விட்டுப்போனவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். இன்றைக்கு எல்லையிலுள்ள வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் நாளைக்கு அந்தப் பக்கமும் படுக்கிறவர்கள் அதிகம் விட்டுப்போயிருப்பார்கள் என்பது என் எண்ணம். கேரள அரசு 64,006 குடும்பங்களை மிக வறியவை என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திட்டம் போட்டு, 2025 நவம்பர் 1 அன்று மிக வறுமை ஒழிந்த மாநிலமாக அறிவித்துக்கொண்டது. வேறெந்த மாநிலமும் துணியாத வேலை அது, அதைப் பாராட்டுகிறேன். ஆனால் எல்லையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் படுக்கும் ஒருவர் எந்த வார்டின் பட்டியலில் வருவார்?

சட்டமும் திட்டமும் இல்லாமல் இல்லை. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தங்குமிடத்தில் ஒரு ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி வேண்டும் என்று அளவும் வகுத்தது. இவை எல்லாம் நகரத்துக்கானவை. பாலக்காடு நகராட்சி அந்தக் கணக்குக்குள் வரும். நம் கொழிஞ்சாம்பாறையும் கொல்லங்கோடும் பஞ்சாயத்துகள். கோபாலபுரம் ஒரு சோதனைச்சாவடி ஊர். இங்கே மக்கள்தொகையும் லட்சத்தைத் தொடாது, நகரம் என்ற பெயரும் இல்லை. அரசுத் திட்டத்தின் கை எட்டாத இந்த இடத்தில்தான் உங்கள் பணத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது.

ஒரு கூரை மழையை மட்டும் தடுப்பதில்லை. அது முகவரியும் ஆகிறது. அங்கீகாரம் பெற்ற தங்குமிடத்தின் பொறுப்பாளர் கொடுக்கும் சான்றிதழை ஆதாருக்கு அடையாளமாகவும் முகவரியாகவும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆதார் வந்தால் வங்கிக் கணக்கு, கணக்கு வந்தால் ஓய்வூதிய விண்ணப்பம், ரேஷன் அட்டைக்கான மனு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கதவு திறக்கும். வாக்காளர் பட்டியலில் சேர இதுகூட வேண்டியதில்லை. வீடற்றவர் படிவம் 6இல் தான் படுக்கும் இடத்தைக் குறிப்பிட்டால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்குப் போய் அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்கவேண்டும். படுக்கிறார் என்று உறுதியானால் இருப்பிடத்துக்கு வேறு ஆவணம் கேட்கக் கூடாது. தேர்தல் ஆணையத்தின் விதி இது. இதை நம் வட்டாரத்தில் எத்தனை பேருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்? பொட்டலம் கொடுத்த எந்த வேனிலும் படிவம் 6 இருந்து நான் பார்த்ததில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, வீடற்றவருக்கு அரசு நடத்தும் மனநல மருத்துவமனைகளில் செலவில்லாமல் சிகிச்சை தரவேண்டும்; வறுமைக்கோட்டு அட்டை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. மனநோயோடு அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுக்கும் கடமையை அதே சட்டம் காவல் நிலையத்தின்மேல் வைத்திருக்கிறது. எல்லாம் இருக்கிறது. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போக ஓர் ஆளும், போய்விட்டுத் திரும்பிவரும்போது படுக்க ஓர் இடமும்தான் இல்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும், ஒரு நிகழ்ச்சியின் வசூல் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது.

தோல்பாவைக்கூத்தை நினைத்துப் பாருங்கள். தை பிறந்தால் வைகாசி வரை பாரதப்புழைக் கரையின் பகவதி கோயில்களான காவுகளில் இரவிரவாக நடக்கிறது. கம்பனின் செய்யுளைத் தமிழிலேயே பாடி, தமிழும் மலையாளமும் கலந்து பொருள் சொல்கிறார்கள். கூத்துமாடத்தில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் தேங்காய்மூடிகளில் 21 விளக்குகள், மான்தோலில் வெட்டிய பாவைகள். 7 இரவு, 14 இரவு, 21 இரவு, சில இடங்களில் 71 இரவு. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவணன் மாண்ட யுத்தத்தைப் பார்க்க முடியாமல்போன பகவதிக்காக நடக்கும் கூத்து அது. முன்னால் ஓர் ஆள்கூட உட்காராவிட்டாலும் கூத்தை நடத்தும் புலவர்கள் விடியும்வரை ஆடிப் பாடித்தான் எழுந்திருப்பார்கள்.

இத்தனை இரவுகளை ஒரே செல்வந்தர் தாங்குவதில்லை. பல காவுகளில் இரவுக்கு ஒருவர் என்று உபயம் எடுக்கிறார்கள். ஒரு வீட்டார் ஓர் இரவு, ஒரு கடைக்காரர் ஓர் இரவு, நேர்ந்துகொண்ட ஒரு தாய் ஓர் இரவு. தொடக்கத்தில் பட்டர் பாவைகள் திரையில் தோன்றி உபயக்காரரை வாழ்த்துகின்றன. அந்த இரவின் எண்ணெயும் திரியும் பாட்டும் அவர் பெயரில். அடுத்த இரவு வேறொருவர் பெயரில். கலையையும் கொடையையும் இரவுக் கணக்கில் முடிந்துவைத்த ஏற்பாடு இது. தலைமுறை தலைமுறையாக அறுந்துபோகாமல் வந்திருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பதும் இதே உபயத்தைத்தான். ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுங்கள். பத்துப் பேர் படுக்கட்டும், பெண்களுக்குத் தனி அறை இருக்கட்டும். வாடகை, மின்கட்டணம், இரவில் உடன் இருக்கும் ஒருவரின் சம்பளம், சோப்பு, மருந்து, காலைக் கட்டஞ்சாயா எல்லாவற்றையும் கூட்டி முப்பதால் வகுத்தால் ஓர் இரவின் செலவு வந்துவிடும். கச்சேரி அரங்கின் வாசலில் டிக்கெட் மேசைக்குப் பக்கத்தில் 365 கட்டங்கள் போட்ட நாட்காட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். ரசிகர் தன் மகளின் பிறந்த நாளையோ தந்தையின் திதியையோ தேர்ந்தெடுத்து அந்தக் கட்டத்தில் பெயர் எழுதட்டும். அடுத்த நிகழ்ச்சியில் அந்தப் பெயர்களை மேடையில் வாசியுங்கள். உபயக்காரரை வாழ்த்துவதில் எனக்கு எந்த மனத்தடையும் இல்லை. கொடுத்தவர் பெயர் ஊரறியச் சொல்லப்படவேண்டும், வாங்கியவர் முகம் ஊரறியக் காட்டப்படக் கூடாது. இப்போது இது தலைகீழாக நடக்கிறது.

ஆனி, ஆடிக் கட்டங்கள்தான் கடைசிவரை காலியாகக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு மாதத்தைக் குழுவே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது புதுமையான யோசனை என்று தயங்கவேண்டாம். கலைஞர்கள் பொதுக்காரியத்துக்குப் பாடிக் கொடுத்தது நமக்குப் பழைய வழக்கம். 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி ஐந்து கச்சேரிகள் செய்தார். அதன்பின் மருத்துவமனை, பள்ளி, கோயில் என்று அவர் பாடித் திரட்டிக் கொடுத்ததைக் கணக்கிட்டுத்தான் 1974இல் பொதுச்சேவைக்கான மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது. இசைக்கான விருது அல்ல, பொதுச்சேவைக்கானது என்பதைக் கவனியுங்கள். அந்த நிதிகள் கட்டடமாகவும் அறக்கட்டளையாகவும் நின்றன. சென்னையில் 1993இல் இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய தி பேனியன் அமைப்பு, மனநோயோடு தெருவில் வாழும் பெண்களுக்காகவே தொடங்கியது. 2006இல் மணிரத்னம் அதற்காக ஒரு மேடை நிகழ்ச்சியை இயக்கி நிதி திரட்டினார். இன்று அந்த அமைப்பு பெரிய விடுதியோடு நின்றுவிடாமல், குணமாகி வருகிற நாலைந்து பேர் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து சமைத்து வாழும் முறையையும் நடத்துகிறது. நான் மேலே கேட்ட சிறு வீடு அதைப் பார்த்து வந்த ஆசைதான். செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் வந்த மண்ணில், ஒரு வீட்டு வாடகைக்குக் கச்சேரி செய்ய வித்வான்களுக்குப் பஞ்சம் வராது.

இனி, சொல்லாமல் விட முடியாத ஒரு விஷயம்.

எங்கள் ஞாயிறு வகுப்புக்கு வரும் பெரியவர் ஒருவர் தொழிலால் போர்டு எழுதுபவர். திருப்பூரிலும் கோவையிலும் வேலை கற்று, எல்லை ஊர்களில் முப்பது நாற்பது ஆண்டுகள் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் லாரிப் பின்கதவும் எழுதியவர். தமிழும் மலையாளமும் ஒரே பலகையில் ஒரே அளவில் எழுத இந்தப் பக்கத்தில் அவரைத் தேடித்தான் வருவார்களாம். ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் அச்சடித்து, காலையில் கட்டிவிடுகிறார்கள். வேலை குறைந்தது, வாடகை பாக்கி ஏறியது, மனைவி இறந்தார், அறை போயிற்று. முதல் நாள் அவர் கையில் ஒரு தட்டைத் தூரிகையைக் கொடுத்தபோது, அவர் எழுதத் தொடங்கவில்லை. சாக்குக்கட்டி கேட்டார். நூலில் சாக்கைத் தேய்த்து, என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, தெறித்து, அட்டையில் இரண்டு நேர்கோடு விழவைத்தார். பிறகு சுண்டுவிரலை அட்டையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு "ழ"வை ஒரே இழுப்பில் முடித்தார். வாலின் நுனியில் தூரிகையைச் சற்றே திருப்பி எடுத்த விதத்தைப் பார்த்து, பதினைந்து ஆண்டு ஓவியம் கற்பித்த நான் திரும்ப ஒரு முறை எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கை நடுக்கம் அந்த இழுப்பில் எங்கே போயிற்று என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

நம் வட்டாரத்தில் நடந்த ஓர் ஓவியக் கண்காட்சியில் இவருடைய முகம் பெரிய கேன்வாஸில் தொங்கியது. தாடி, கண்ணோரச் சுருக்கம், அழுக்குத் துண்டு எல்லாம் அச்சு அசல். வரைந்த இளைஞர் திறமைசாலி, மனதும் நல்ல மனது. படம் விற்றுவிட்டதற்கு அடையாளமாக ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தார்கள். பணம் பொட்டல நிதிக்குப் போயிற்று. படம் வரையப்பட்டதோ விற்றதோ அவருக்குத் தெரியாது. நான் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "துண்டைத் துவைத்துவிட்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்பதுதான். அவரை அழுக்குத் துண்டோடு யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்திருக்கிறார்கள். எனக்கு இது இன்றுவரை ஆறவில்லை.

அனுமதி இல்லாமல் எவர் முகத்தையும் வரையாதீர்கள், படம் பிடிக்காதீர்கள். அனுமதி கொடுத்தவருக்கு விற்ற தொகையில் பங்கு கொடுங்கள். அதைவிட நல்லது, அவர்களே வரைந்ததையும் எழுதியதையும் விற்றுக்கொடுங்கள். உலகில் பல இடங்களில் இதைச் செய்துவிட்டார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் 2013இல் தொடங்கிய ஆர்ட்லிஃப்டிங் என்ற நிறுவனம், வீடற்றவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வரைந்த ஓவியங்களை அலுவலகங்களுக்கு விற்று, லாபத்தில் 55 சதவீதத்தை வரைந்தவருக்கே கொடுக்கிறது. லண்டனில் 1991இல் தொடங்கிய பிக் இஷ்யூ பத்திரிகையை வீடற்றவர்கள் முன்பணம் கொடுத்து வாங்கி, தெருவில் விற்று, லாபத்தை வைத்துக்கொள்கிறார்கள்; யாரும் அவர்களுக்குத் தானம் போடுவதில்லை. அதே நாட்டில், ஓபரா என்ற இசைநாடகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது தாண்டி நடக்கவேண்டிய ஆட்கள் என்று வீடற்றவர்களை ஓர் அரசியல்வாதி குறிப்பிட்டதாகப் பேச்சு எழுந்தது. தங்குமிடம் ஒன்றில் இருந்தவர்கள், நாமே ஓர் ஓபரா போட்டுக் காட்டலாமே என்று கிளம்பினார்கள். அதிலிருந்து 2002இல் உருவான ஸ்ட்ரீட்வைஸ் ஓபரா இன்றும் வீடற்றவர்களையும் தொழில்முறைப் பாடகர்களையும் ஒரே மேடையில் ஏற்றுகிறது.

நமக்கு ஓபரா வேண்டாம். நம்மிடம் இருப்பதே போதும். எங்கள் வராந்தாவில் ஒப்பாரி பாடும் ஒரு பாட்டி இருக்கிறார். பம்பை அடித்தவர் இருக்கிறார். பாவைக்கூத்தே ராமாயணத்தோடு நின்றுவிடவில்லை. 2021இல் பத்மஸ்ரீ பெற்ற ராமச்சந்திர புலவரின் குழு காந்தி கதையையும் விழிப்புணர்வுக் கதைகளையும் திரைக்குக் கொண்டுவந்திருக்கிறது. எல்லையில் படுத்துறங்கும் மனிதரின் கதை ஓர் இரவு அந்தத் திரையில் வரட்டுமே. கதையைச் சொல்பவர் அந்த மனிதராகவே இருக்கட்டும். அவருக்குச் சன்மானம் உண்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேரள அரசு 2019இல் பி.வி.சி. ஃப்ளெக்ஸைத் தடை செய்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் விழாவுக்கு ஃப்ளெக்ஸ்தான் கட்டியிருந்தீர்கள், வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் அச்சடித்துக் கொண்டுவந்து. வீடற்றோர் நலனுக்கான நிகழ்ச்சியின் விளம்பரமே, ஒருவரை வீடற்றவராக்கிய பொருளில் அடிக்கப்பட்டது. துணியில் கையால் எழுதவையுங்கள். எழுதத் தெரிந்த கை பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறது.

குழுக்களில் வழக்கமாக எழும் சந்தேகங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்கிறீர்கள். சிலர் குடிப்பார்கள். நனைந்த தரையில் படுக்கிறவர் குடிப்பதற்கும், பூட்டுப் போட்ட பெட்டியும் காய்ந்த பாயும் உள்ளவர் குடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தபின் பேசுவோம். அக்கம்பக்கத்தார் வீடு தரமாட்டார்கள் என்கிறீர்கள். உண்மை, இதுதான் பெரிய தடை. சபாத் தலைவரும் கோயில் குழுச் செயலாளரும் வீட்டுக்காரரிடம் நேரில் போய் உத்தரவாதம் சொன்னால் கிடைக்கும். நான் தனியாகப் போய்க் கேட்டால் கிடைக்காது. கணக்கு வழக்கில் சிக்கல் வரும் என்கிறீர்கள். போர்வையாகவும் அரிசியாகவும் கொடுப்பதற்கு வருமானவரிச் சலுகை இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் இல்லை. முறையாகப் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு வங்கி வழியாகக் கொடுத்தால், பழைய வரி முறையில் இருக்கும் கொடையாளருக்குச் சலுகை உண்டு. கணக்கு சுத்தமாக இருந்தால் கொடை கூடும் என்பது குழுப் பொருளாளர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒரு காலத்தில் நம் சாலைகளில் சத்திரமும் வழியம்பலமும் இருந்தன. முன்பின் தெரியாதவனுக்குப் படுக்கத் திண்ணை கொடுத்தவர்கள் நம் பாட்டன்மார்கள். யார், எந்த ஊர், எந்தப் பக்கத்து அட்டை என்று கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை.

உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மடலை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பேச அரைமணி நேரம் கொடுங்கள். என்னோடு வராந்தாவிலிருந்து இருவர் வருவார்கள். அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். ஒரு வீட்டுக்காரரிடம் பேச உங்களில் ஒருவரை அன்றே நியமியுங்கள். 365 கட்ட நாட்காட்டியை என் மாணவர்கள் வரைந்து தருகிறார்கள், அதற்குச் செலவு வேண்டாம். விழாவின் துணிப் பலகைகளை இரு மொழியிலும் எழுதித்தரப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடிக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலிக் கணக்கு உண்டு, பெயின்ட்டுக்கு முன்பணம் கொடுக்கவேண்டும், பலகையின் கீழ் மூலையில் தன் கையெழுத்தைப் போட்டுக்கொள்வேன் என்கிறார். இந்த மூன்றுக்கும் சம்மதமா என்று மட்டும் எனக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகாவிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியை